முழங்கால் தசைநார்க் காயத்துக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்பும் தயார்நிலை மதிப்பீடு

முழங்கால் தசைநார்க் காயத்துக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்பும் தயார்நிலை மதிப்பீடு என்பது, முழங்கால் தசைநார் கிழிந்து சிகிச்சை பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் மீண்டும் பயிற்சியிலும் போட்டியிலும் பாதுகாப்பாகப் பங்குகொள்ள இயலுமா என்பதைக் கண்டறியும் முறை ஆகும். அறுவைக்குப் பின் கழிந்த காலம், தசை வலு, தாவும் திறன், உடல் அசைவின் தரம், மன நிலை ஆகியவை இதில் ஆராயப்படுகின்றன. இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று முடிவு சொல்லப் போதுமானதன்று என்பதே இத்துறையில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து ஆகும்.

பின்னணி

முழங்காலின் நடுவே தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் இணைக்கும் இரண்டு தசைநார்கள் சிலுவை போல் குறுக்காக அமைந்துள்ளன. அவற்றுள் முன்புறச் சிலுவைத் தசைநார், கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் தடுக்கிறது. இது ஏ.சி.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும். கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, பனிச்சறுக்கு போன்ற விளையாட்டுகளில் இது அதிகம் கிழிகிறது. பெரும்பாலான கிழிவுகள் எதிராளி மோதுவதால் ஏற்படுவதில்லை. திடீரெனத் திசை திரும்பும்போதோ குதித்துத் தரையிறங்கும்போதோ ஏற்படுகின்றன.

போட்டிகளுக்குத் திரும்ப விரும்புவோருக்குப் பெரும்பாலும் மீளமைப்பு அறுவை செய்யப்படுகிறது. இதில் முழங்காற்சில்லுத் தசைநாண், தொடைப் பின்தசையின் தசைநாண் முதலியவற்றின் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, கிழிந்த தசைநார் இருந்த இடத்தில் ஒட்டாகப் பொருத்தப்படுகிறது. பொருத்திய உடனே ஒட்டு தசைநாராகிவிடுவதில்லை. முதலில் அதன் உயிரணுக்களிற் பல இறக்கின்றன. பின்னர் புதிய குருதிக்குழாய்கள் அதனுள் வளர்கின்றன. அதன் இழைகள் மெல்ல மாற்றியமைகின்றன. இம்மாற்றம் ஓராண்டுக்கு மேலும் தொடரக்கூடும். ஆனால் வலியும் வீக்கமும் சில மாதங்களிலேயே மறைந்துவிடுகின்றன. இதனால் வீரர் தாம் நலமடைந்துவிட்டதாக உணரும் காலமும், முழங்கால் உண்மையில் ஆயத்தமாகும் காலமும் வேறுபடுகின்றன. மதிப்பீடு தேவைப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

மீள்காயத்தின் அளவு

2014 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அறுவை செய்துகொண்டவர்களில் 81% பேர் ஏதாவதொரு விளையாட்டுக்கும், 65% பேர் காயத்துக்கு முந்தைய தங்கள் நிலைக்கும், 55% பேர் போட்டி விளையாட்டுக்கும் திரும்பினர். 2016 இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, அறுவைக்குப் பின் ஏறக்குறைய 15% பேருக்கு இரண்டாவது கிழிவு ஏற்பட்டதைக் காட்டியது. 25 வயதுக்குக் குறைந்தவர்களாக இருந்து விளையாட்டுக்கும் திரும்பியவர்களிடம் இது 23% ஆக இருந்தது. இரண்டாவது கிழிவு எப்போதும் அதே காலில் ஏற்படுவதில்லை. ஏறக்குறைய பாதி அளவு மறுகாலில் ஏற்படுகிறது. அது நேர்ந்தால் மீண்டும் ஓர் அறுவையும் பல மாத ஓய்வும் தேவைப்படலாம். பிறைக் குருத்தெலும்பு சிதைந்து இளம் வயதிலேயே மூட்டுத் தேய்வு தொடங்கும் வாய்ப்பும் கூடுகிறது.

காலம்

1990 இல் ஷெல்போர்ன், நிட்ஸ் ஆகியோர் விரைவு மறுவாழ்வு முறையை வெளியிட்ட பின்னர், ஆறு மாதங்களில் களத்துக்குத் திரும்புவது பல இடங்களில் வழக்கமாயிற்று. பின்னர் வந்த ஆய்வுகள் இதனை மறுபரிசீலனை செய்ய வைத்தன. நார்வேயின் ஓஸ்லோ நகரில் 106 பேரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதங்கள் வரை திரும்புதலைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீள்காய வீதம் 51% குறைந்தது. இன்று ஒன்பது மாதங்கள் என்பது பரவலான கீழ் எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏட்ரியன் பீட்டர்சன் 2011 டிசம்பர் 24 இல் காயமுற்று, 2012 செப்டம்பர் 9 இல் ஆடுகளம் திரும்பி, அப்பருவத்தில் 2,097 கெஜங்கள் ஓடினார். எனினும் ஒருவரின் வெற்றி மற்றவர்களுக்கு அளவுகோலாகாது.

முக்கிய சோதனைகள்

* மருத்துவப் பரிசோதனை: மூட்டில் வீக்கம் இல்லாமை, முழுமையாக மடக்கவும் நீட்டவும் இயலுதல், ஒட்டின் உறுதி ஆகியவை பார்க்கப்படும்.
* தசை வலு: தொடையின் முன்புறமுள்ள நாற்றலைத் தசையும் பின்தசைகளும் சமவேக விசைமானியால் அளக்கப்படும். அறுவைக்குப் பின் நாற்றலைத் தசையின் வலுவே மீள அதிக காலம் எடுக்கிறது.
* ஒற்றைக்கால் தாவல்: ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல்கள், கோட்டின் இருபுறமும் மாறி மாறித் தாவும் மூன்று தாவல்கள், ஆறு மீட்டர் தூரத்தைத் தாவிக் கடக்கும் நேரம் என இவை நான்கு வகைப்படும்.
* திசைமாற்ற ஓட்டம்: ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் ஓடும் நேரம் அளக்கப்படும்.
* அசைவின் தரம்: தரையிறங்கும்போது முழங்கால் உட்புறம் சாய்கிறதா, வீரர் காயமடைந்த காலைத் தவிர்த்து மறுகாலில் பாரத்தை ஏற்றுகிறாரா என்பவை காணொளி மூலம் பார்க்கப்படும்.

கத்தாரின் ஆஸ்பெட்டார் மருத்துவமனையில் 158 தொழில்முறை வீரர்களிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு, ஆறு தகுதிகளையும் நிறைவு செய்யாமல் திரும்பியவர்களுக்கு ஒட்டு கிழியும் இடர் நான்கு மடங்கு என்று காட்டியது.

சமச்சீர்மைச் சுட்டெண்

சோதனை முடிவுகள் பெரும்பாலும் பின்வரும் சூத்திரத்தால் கணிக்கப்படுகின்றன.

சுட்டெண் = (காயமடைந்த காலின் அளவு ÷ மறுகாலின் அளவு) × 100

இது 90% அல்லது அதற்கு மேல் இருப்பின் தேர்ச்சி எனக் கொள்வது வழக்கம். இம்முறையில் ஒரு குறை உண்டு. மாதக்கணக்கில் பயிற்சியின்றி இருப்பதால் மறுகாலும் வலுவிழக்கிறது. எடுத்துக்காட்டாக, காயத்துக்கு முன் 165 செ.மீ. தாவிய நல்ல கால் இப்போது 150 செ.மீ. மட்டுமே தாவுவதாகக் கொள்வோம். காயமடைந்த கால் 141 செ.மீ. தாவினால் சுட்டெண் 94% ஆகும். ஆனால் பழைய 165 செ.மீ. உடன் ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 85% மட்டுமே. இரு கால்களும் சமமாக இருக்கின்றன; இரண்டுமே போதிய வலுவுடன் இல்லை. எனவே அறுவைக்கு முன்பே நல்ல காலை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும் என 2017 இல் வெளியான ஓர் ஆய்வு பரிந்துரைத்தது.

தாவிய தூரமும் முழு உண்மையைக் கூறுவதில்லை. முன்னோக்கித் தாவுவதற்கான உந்துவிசையைப் பெரும்பாலும் இடுப்பும் கணுக்காலும் தருவதால், முழங்காலின் குறை மறைந்துவிடக்கூடும். செங்குத்தாகக் குதிக்கும் சோதனையில் அக்குறை எளிதில் வெளிப்படுகிறது.

உளத் தயார்நிலை

உடல் தேறிய பின்னும் மீண்டும் கிழிந்துவிடுமோ என்ற அச்சம் நீடிக்கலாம். இதனை அளக்க 2008 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 12 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினர். கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ் 2012 ஏப்ரல் 28 இல் இடது முழங்காலில் காயமுற்றார். 2013 மார்ச்சில் மருத்துவர்கள் இசைவளித்ததாகச் செய்திகள் வந்தபோதும் அவர் அப்பருவம் முழுவதும் ஆடவில்லை, இதற்காக விமர்சிக்கப்பட்டார். 2013 அக்டோபரில் திரும்பிய அவருக்கு, அடுத்த மாதமே வலது முழங்காலின் பிறைக் குருத்தெலும்பு கிழிந்தது.

முடிவெடுத்தல்

2016 இல் வெளியான பெர்ன் நகர் இணக்க அறிக்கை, திரும்புதலை ஒரே நாளில் நிகழும் நிகழ்வாகக் கருதாமல் மூன்று படிகளாகப் பிரிக்கிறது: பயிற்சியில் பங்குகொள்ளல், தம் விளையாட்டுக்குத் திரும்புதல், பழைய செயல்திறனை எட்டுதல். அறுவை மருத்துவர், இயன்மருத்துவர், பயிற்சியாளர், வீரர் ஆகியோர் சேர்ந்து முடிவெடுப்பது பரிந்துரைக்கப்படுகிறது. இறுதிப் போட்டி, ஒப்பந்தம், அணியின் நெருக்கடி ஆகியவை முடிவைப் பாதிக்கக்கூடும் என்பதால், தேர்ச்சி அளவுகளை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது நல்லது.

குறைபாடுகள்

2019 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சோதனைத் தொகுதியில் தேறியவர்களுக்கு ஒட்டு கிழியும் இடர் 60% குறைந்திருந்தது. ஆனால் மறுகாலின் தசைநார் கிழியும் இடர் கூடியிருந்தது. தேறியவர்கள் கடினமான ஆட்டங்களில் அதிகம் ஈடுபடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மேலும், இச்சோதனைகள் பொதுவாக வீரர் களைப்பின்றி இருக்கும்போது, எதிராளியும் பந்தும் இல்லாத இடத்தில் நடத்தப்படுகின்றன. காயமோ களைப்பும் கவனச்சிதறலும் உள்ள ஆட்டத்தில் நேர்கிறது. ஆகவே தேர்ச்சி பெற்ற பின்னும் இரு கால்களுக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைத் தொடர்தல் இன்றியமையாதது.