மோயாமோயா: ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?



சூடான கஞ்சியை ஊதிக் குடிக்கும்போதோ, அடம்பிடித்து அழும்போதோ ஒரு குழந்தையின் கை திடீரெனத் துவண்டு போகிறது. பேச்சு குழறுகிறது. சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது. "நடிக்கிறான்" என்றோ, "பயந்திருக்கிறான், ஓதிப் பார்க்கலாம்" என்றோ நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் அது மூளைக்கு ரத்தம் போதவில்லை என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். அப்படி எச்சரிக்கும் அரிய நோய்களில் ஒன்றுதான் மோயாமோயா.

மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் பெரிய குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்குவதே இந்த நோய். அதை ஈடுகட்ட நூல் போன்ற சிறு குழாய்கள் புதிதாக உருவாகின்றன. படத்தில் அவை புகை போலத் தெரிவதால், 1969-ல் ஜப்பானிய மருத்துவர்கள் சுசுகியும் தகாகுவும் இப்பெயரை வைத்தார்கள். ஊதும்போதும் அழும்போதும் மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் குழாய்கள் மேலும் சுருங்கும். அதனால்தான் அந்த நேரத்தில் கை துவளுகிறது. ஜப்பான், கொரியாவில் அதிகமாகவும், நம் நாட்டில் அரிதாகவும் இது காணப்படுகிறது. சிறுவர்களுக்குப் பெரும்பாலும் பக்கவாதமாக வரும். பெரியவர்களுக்கு மூளையில் ரத்தக் கசிவும் ஏற்படலாம்.

இதை ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா? ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ரத்தக் குழாய் வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதமும், குழாய்ச் சுவரைச் சிதைக்கும் எம்.எம்.பி-9 என்ற நொதியும் இந்நோயாளிகள் சிலருக்குக் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் வேறு நோய்களிலும் இவை கூடும். ஆகவே இவற்றை வைத்து மட்டும் "இதுதான் நோய்" என்று சொல்ல முடியாது.

மரபணுவிலும் இதே நிலைதான். ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2011-ல் வெளியானது. அந்த மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் ஜப்பானிய நோயாளிகளில் பெரும்பாலோரிடம் உள்ளது. ஆனால் அங்கே நோயில்லாத பொதுமக்களிலும் சுமார் 100-ல் 1 அல்லது 2 பேரிடம் அது இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. மற்ற நாடுகளில் அந்த மாற்றம் இல்லாமலேயே நோய் வந்தவர்களும் உண்டு.

ஆகவே இன்றைக்கு இந்நோயை உறுதி செய்வது எம்.ஆர்.ஐ., எம்.ஆர்.ஏ. ஸ்கேனும், தேவைப்பட்டால் ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் படமும்தான். ரத்தப் பரிசோதனை நாளை துணையாக வரலாம். அப்படி வந்தால், அசையாமல் படுக்க முடியாத சிறு குழந்தைகளுக்கும், நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பெரிய உதவியாக இருக்கும். அதுவரை, "ரத்த ரிப்போர்ட் நார்மல்" என்ற ஒரு வார்த்தையை நம்பி இந்த அறிகுறிகளை ஒதுக்கிவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

கை கால் துவண்டது, வாய் கோணியது, பேச்சு குழறியது என்றால், அது சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி நீடித்தால் உடனே 108-ஐ அழையுங்கள். எப்போது, எதைச் செய்யும்போது வந்தது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நோய் உறுதியானால் பயந்துவிட வேண்டாம். தலைத் தோலுக்கு ரத்தம் தரும் குழாயை மூளையின் குழாயோடு இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. பெரிய பாதிப்பு வருமுன் செய்தால் பலன் அதிகம்.

இந்நோயாளிகளுக்கு உடலில் நீர்ச்சத்து குறைவது ஆபத்து. எனவே ரமலான் நோன்பு பற்றி மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள். நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

ஸ்கேன் செலவை நினைத்துத் தள்ளிப்போடும் குடும்பங்கள் தயங்காமல் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மருத்துவரின் சீட்டையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், வழி தேடுவோம். நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.