தண்ணீரில் வீடு, கரையில் பேரன் பேத்தி!

வாசல் கதவைத் திறந்தால் தெரு இல்லை. தண்ணீர்தான் இருக்கிறது!

கடைக்குப் போக வேண்டுமா? குட்டிப் படகில் இறங்கித் துடுப்புப் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இன்று இருப்பார். நாளைக் காலையில் எழுந்து பார்த்தால், வீட்டோடு போயிருப்பார்!

இப்படி ஒரு வாழ்க்கையை விரும்பி ஏற்றுக்கொண்டவர்கள் வாலிபர்கள் அல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள்!

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இப்படிப் பல தம்பதிகள் இருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு, ஒரு பாய்மரப் படகை வாங்கி அதையே வீடாக்கிக் கொள்கிறார்கள். குளிர்காலத்தில் வெயிலைத் தேடித் தெற்கே போவார்கள். கோடை வந்தால் வடக்கே திரும்புவார்கள். இரண்டுக்கும் நடுவே வருவது இலையுதிர் காலம். அப்போது பிள்ளைகள் வசிக்கும் ஊருக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுச் சில வாரங்கள் தங்குவார்கள்.

அந்தச் சில வாரங்களில் எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு கவலை! கேளுங்கள்.

படகுகளின் ஊர்

அமெரிக்காவில் செசப்பீக் என்று ஒரு விரிகுடா இருக்கிறது. சுமார் 200 மைல் நீளம். ஆற்று நீரும் கடல் நீரும் அதில் கலக்கின்றன. நீளம் அதிகமே தவிர, ஆழம் அதிகம் இல்லை. சராசரி ஆழம் 21 அடிதான்!

அதன் மேற்குக் கரையில் உள்ள ஊர் அன்னாபொலிஸ். மேரிலாந்து மாநிலத்தின் தலைநகரம். 1783-84ல் சில மாதங்கள் அமெரிக்கா முழுவதற்குமே தலைநகரமாக இருந்தது. 1845ல் தொடங்கிய கடற்படைக் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் இங்கே பெரிய பாய்மரப் படகுக் கண்காட்சி நடக்கும். 1970ல் ஆரம்பித்த வழக்கம் அது.

இந்த ஊருக்குள் கை விரல்களைப் போல உப்பங்கழிகள் புகுந்து கிடக்கின்றன. வெளியே காற்று அடித்தாலும் கழிக்குள் அலை அதிகம் வராது. படகில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

இங்கே வரும் ஒரு தம்பதியை மனத்தில் வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு வயது 71. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பாட்டிக்கு வயது 68. நர்ஸ் வேலை பார்த்தவர். மகள் அன்னாபொலிசில் இருக்கிறாள். பேரனுக்கு 9 வயது. பேத்திக்கு 6 வயது. இவர்கள் கற்பனை மனிதர்கள்தான். ஆனால் இவர்கள் வாழ்க்கை, படகில் வாழும் எத்தனையோ பேருடைய வாழ்க்கை.

38 அடி வீடு

இவர்கள் படகின் நீளம் 38 அடி. அகலமான இடத்தில் 12 அடி. அதற்குள்தான் எல்லாம்!

முன்பக்கம் படுக்கை. நடுவில் சாப்பாட்டு மேஜை. பேரப்பிள்ளைகள் வந்தால் அந்த மேஜையைக் கீழே இறக்கி, மேலே மெத்தை போடுவார்கள். மேஜை கட்டிலாகிவிடும்!

சமையல் செய்யும் இடத்தில் ஒருவர்தான் நிற்கலாம். அடுப்பு இரண்டு பக்கமும் கொக்கியில் தொங்குகிறது. படகு சாய்ந்தாலும் அடுப்பு சாயாது. ஊஞ்சல் போல ஆடி, பாத்திரத்தை நேராகவே வைத்திருக்கும்.

குடிக்க, குளிக்க, துலக்க எல்லாவற்றுக்கும் 380 லிட்டர்த் தொட்டி ஒன்று. அது தீர்ந்தால் படகுத்துறைக்குப் போய் நிரப்ப வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது!

விளக்குக்கு மின்சாரம்? மேல்தளத்தில் உள்ள சூரியத் தகடுகள் தருகின்றன. மேகம் மூடினால் சிக்கனம் தேவை.

கழிவறைத் தண்ணீரை அப்படியே விரிகுடாவில் விடுவது சட்டப்படி குற்றம். அதற்கும் ஒரு தொட்டி உண்டு. உறிஞ்சி எடுக்கும் படகு வரும்போது காசு கொடுத்துக் காலி செய்ய வேண்டும்.

நங்கூரம் போட்டு நிற்க வாடகை இல்லை. ஆனால் படகு வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போல! கயிறு தேயும். பாய் கிழியும். என்ஜின் மக்கர் செய்யும். பென்ஷன் பணத்தில் பாதி படகுக்கே போகிறது என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.

வாத்து சொல்லும் காலண்டர்

செப்டம்பர் பாதியில் இவர்கள் வந்து சேருகிறார்கள். அப்போது கோடை வெப்பம் தணிந்திருக்கும். நல்ல காற்று வீசும். கரையில் உள்ள மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கும்.

விரிகுடாவில் மீனைக் கொத்தித் தின்னும் விரால் அடிப்பான் பருந்துகள் அந்தச் சமயத்தில் தென் அமெரிக்காவுக்குப் புறப்படும். கனடாவிலிருந்து காட்டு வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கும். ஒன்று போகிறது, ஒன்று வருகிறது!

இவர்களும் பருந்தோடு தெற்கே போய்விடலாமே என்று கேட்கலாம். முடியாது. காரணம், சூறாவளி. அட்லாண்டிக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். நவம்பர் 1க்கு முன்னால் தெற்கே போனால் நஷ்ட ஈடு கிடையாது என்று பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிபந்தனை போடுகின்றன.

செசப்பீக்கிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2003 செப்டம்பரில் இசபெல் என்ற சூறாவளி வந்தபோது அன்னாபொலிஸ் தெருக்களில் விரிகுடாத் தண்ணீர் ஏறியது. கடற்படைக் கல்லூரிக் கட்டடங்களிலும் புகுந்தது. இருந்தாலும் தெற்கைவிட இங்கே ஆபத்து குறைவு.

ஆக, முன்னால் போனால் சூறாவளி. பின்னால் இருந்தால் குளிர். நடுவில் கிடைப்பது ஆறு ஏழு வாரம். அதுதான் பேரப்பிள்ளைகளின் காலம்!

“கீழ் அறை காலியாக இருக்கிறது!”

மகள் வீடு கரையிலிருந்து பத்து நிமிஷ நடை. ஒவ்வொரு ஆண்டும் மகள் கேட்பாள்:

“அம்மா, கீழ் அறை காலியாகத்தானே இருக்கிறது? இங்கேயே இருந்துவிடுங்களேன்!”

பாட்டியின் பதிலும் மாறாது:

“இரண்டு நாள் நல்ல அம்மாவாக இருப்பேன். மூன்றாம் நாள் உன் சமையல் அறை டப்பாக்களை இடம் மாற்றி வைப்பேன். நான்காம் நாள் உனக்குக் கோபம் வரும். எதற்கு அது?”

மகள் சிரித்துவிடுவாள். ஆனால் பாட்டி சொன்னது விளையாட்டுக்கு அல்ல. பக்கத்தில் இருக்க வேண்டும். பாரமாக இருக்கக் கூடாது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தப் படகு.

சனிக்கிழமை பிள்ளைகள் படகுக்கு வருவார்கள். குட்டிப் படகில் ஏறும் முன்பே மிதவைச் சட்டை போட்டாக வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சின்னப் படகில் போகும்போது அதைப் போட வேண்டும் என்பது மேரிலாந்து சட்டம்.

பேத்திக்கு நண்டு பிடிப்பதில் ஆசை. கோழிக் கழுத்தைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட வேண்டும். நீல நண்டு வந்து கவ்வும். கயிற்றை மெல்ல மெல்ல மேலே இழுத்து, வலையைக் கீழே கொடுத்து அள்ள வேண்டும். அவசரப்பட்டால் நண்டு போய்விடும்!

பேரனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தார் தாத்தா. படகுக்காரர்கள் முதலில் கற்கும் முடிச்சு அது. எவ்வளவு இழுத்தாலும் நழுவாது. இறுகிப் போகவும் போகாது. வேண்டும்போது சுலபமாக அவிழ்த்துவிடலாம். பேரன் ஐம்பது தடவை தப்பாகப் போட்டான். ஐம்பத்து ஒன்றாவது தடவை சரியாக வந்தது!

கால் வழுக்கியது!

அக்டோபர் மாதம் ஒரு மாலை நேரம். பேரனைக் கூட்டிக்கொண்டு தாத்தா கரையிலிருந்து வந்தார். குட்டிப் படகிலிருந்து பெரிய படகின் ஏணியில் கால் வைத்தார். ஏணி பனியில் நனைந்திருந்தது. கால் வழுக்கியது. குட்டிப் படகு விலகியது. இடுப்பு வரை தண்ணீருக்குள் போய்விட்டார்!

பாட்டி ஓடி வந்து சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். பேரன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். எப்படியோ தாத்தா மேலே வந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் தாத்தா அன்று மிதவைச் சட்டை போடவில்லை. பேரனுக்குப் போட்டுவிட்டுத் தமக்குப் போடவில்லை!

இலையுதிர் காலத்தில் இதுதான் ஆபத்து. பகலில் வெயில் இதமாக இருக்கும். தண்ணீரோ நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறும். கொஞ்ச நேரத்தில் கை கால் சொன்னபடி கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிருக்காகக் கதவு ஜன்னல்களை மூடிவிட்டு உள்ளே அடுப்பை எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு சேரும். அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அதனால் விஷ வாயு வந்தால் மணி அடிக்கும் கருவியைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் பாட்டி.

“அம்மாவிடம் சொல்லாதே” என்று பேரனிடம் கேட்கத் தாத்தாவுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பிள்ளைக்குப் பொய் கற்றுக் கொடுக்கலாமா? தாமே மகள் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

மகள் கோபித்துக்கொள்ளவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

“அப்பா, எப்போது நிறுத்துவது என்று யோசித்திருக்கிறீர்களா?”

அந்தக் கேள்விக்குத் தாத்தாவிடம் பதில் இல்லை.

மூன்று ஒப்பந்தம்

அன்று இரவு மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மூன்று விஷயங்களை முடிவு செய்தார்கள்.

ஒன்று: பத்தடி தூரமானாலும் சரி, மிதவைச் சட்டை இல்லாமல் குட்டிப் படகில் ஏறக் கூடாது.

இரண்டு: பழைய ஏணியை எடுத்துவிட்டு, அகலமான படியும் கைப்பிடியும் உள்ள ஏணி வைக்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு ஆண்டும் இங்கே வந்ததும் மகள் முன்னால் இரண்டு பேரும் பிறர் உதவி இல்லாமல் ஏணியில் ஏறிக் காட்ட வேண்டும். எந்த ஆண்டு முடியவில்லையோ, அந்த ஆண்டு படகை விற்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு வாக்குவாதம் கூடாது!

மூன்றாவதைச் சொன்னவர் தாத்தாதான். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிட்டது.

புறப்படும் நாள்

அக்டோபர் 31 ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். பேரன் கடற்கொள்ளைக்காரன் வேஷம் போட்டான். பேத்தி நண்டு வேஷம்!

நவம்பர் 2. புறப்படும் நாள். தண்ணீரும் டீசலும் நிரப்பப் படகைத் துறையில் கட்டியிருந்தார்கள்.

முன்னால் நீண்ட பயணம். விரிகுடாவின் தெற்கே நார்போக் துறைமுகம். அங்கே ஆரம்பிக்கிறது உள்நாட்டு நீர்வழி. ஆறு, கழி, கால்வாய் எல்லாவற்றையும் இணைத்து மயாமி வரை ஆயிரம் மைலுக்கு மேல் போகிறது. அந்த வழியில் ஒரு கால்வாய் 1805ல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் அடிமைகள் கையால் வெட்டிய கால்வாய் அது!

பகலில் மட்டும் போனால் ஒரு நாளைக்கு ஐம்பது மைல் போகலாம். சார்லஸ்டன் நகரத்துக்கே கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி கூறும் பண்டிகை. குடும்பம் முழுவதும் கூடிச் சாப்பிடும் நாள்.

“பண்டிகைக்கு இருக்க மாட்டீர்களா?” பேத்தியின் கண்ணில் தண்ணீர்.

“வருவோமே! படகைச் சார்லஸ்டனில் கட்டிவிட்டுக் காரில் வருவோம். இரண்டு வாரம் போன தூரத்தை ஒரே நாளில் திரும்பி வந்துவிடலாம்!” என்றார் பாட்டி.

“எங்கே தங்குவீர்கள்?”

“உங்கள் கீழ் அறையில்தான். மூன்று நாள்!”

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. அந்தப் பாட்டிக்கும் அது தெரிந்திருக்கிறது!

துறையில் படகைக் கட்டிய முடிச்சு பேரன் போட்டது. அவனே அவிழ்த்தான். சிக்கவில்லை. கயிறு சட்டென்று வந்தது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே உள்ள கட்டும் அந்த முடிச்சைப் போல இருந்தால் நல்லது. நழுவவும் கூடாது. இறுகவும் கூடாது. அதற்குப் படகு வேண்டும் என்பது இல்லை. “எப்போது நிறுத்துவது?” என்ற கேள்வியைப் பிள்ளைகள் அன்போடு கேட்க வேண்டும். பெரியவர்கள் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அதுவும் உடம்பில் தெம்பு இருக்கும்போதே!

படகு கழியைத் தாண்டும் வரை பிள்ளைகள் கை அசைத்துக்கொண்டே நின்றார்கள். தாத்தாவும் கை அசைத்தார்.

அவர் மிதவைச் சட்டை போட்டிருந்தார்!