கால்மணிக்கு 250 சொல்

விடிகாலை, இன்னும் ஐந்தரை ஆகவில்லை. லண்டனுக்கு வடக்கே, வால்தம் கிராஸில் ஒரு வீடு. வயதான குதிரைக்காரர் எசமானரை எழுப்பிக் காபி கொடுக்கிறார். எழுப்பிவிடும் வேலைக்கென்றே அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்தக் கிழவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக எசமானர் பின்னாளில் எழுதினார்.

எசமானர் பெயர் ஆந்தனி டிரலோப். பகலில் அஞ்சல் துறை அதிகாரி. தெருவோரத் தபால்பெட்டி வைக்கச் சொன்னவர். விடியலில் நாவலாசிரியர்.

மேசைமேல் கடிகாரம் இருக்கும். முதல் அரைமணி நேற்று எழுதியதைப் படிப்பார், ஓசை சரியாக விழுகிறதா என்று. பிறகு கால்மணிக்கு 250 சொல். மூன்று மணி நேரம் ஆனதும் எழுந்துவிடுவார்.

கடிகாரத்தைவிடச் சுவையான கருவி அவருடைய நாட்குறிப்பு. நாவலைத் தொடங்கும்போதே எத்தனை நாளில் முடிப்பது என்று தீர்மானித்து, வாரவாரியாகப் பிரித்து, அன்றன்று எழுதிய பக்கங்களைக் குறித்துவைப்பார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம், குறைந்தால் 20, ஒருமுறை 112. பக்கம் என்பது ஆளுக்கோர் அளவாயிற்றே! அதனால் பக்கத்துக்கு 250 சொல் என்று வரையறுத்து, எண்ணிக்கொண்டே எழுதினார். இரண்டு நாள் சோம்பினால் காலியிடம் கண்ணை உறுத்தும். மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரிதான். கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே ஆள்.

கதைப்பின்னலையும் இப்படித் திட்டமிட்டாரா? இல்லை. அதற்காக அவர் அதிகம் மெனக்கெட்டதில்லை. பாத்திரங்களோடு பழகினால் போதும் என்பார். திட்டமெல்லாம் நாட்களுக்குத்தான். புதிதாக நாவல் எழுத வருபவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அத்தியாய வரைபடம் சுவர் நிறைய இருக்கும், எப்போது உட்காருவது என்பது மட்டும் முடிவாகியிருக்காது.

பயணத்தையும் அவர் சாக்காகச் சொல்லவில்லை. ரயிலில் மடிமேல் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவி ரோஸ் படியெடுப்பார். 1858இல் எகிப்துக்குப் போன கப்பலில் வாந்தியெடுக்க ஓடுவதும் திரும்பிவந்து எழுதுவதுமாக இருந்தார். அப்படி எழுதிய 'டாக்டர் தார்ன்' முடிந்த மறுநாளே 'தி பெர்ட்ராம்ஸ்' தொடங்கிவிட்டது.

தமிழிலும் இப்படியொரு நாள்கணக்கு உண்டு: எழுத்தாளர் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களை நாளுக்கோர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டார். அங்கே நாட்குறிப்பின் இடத்தில் வாசகர்கள் காத்திருந்தார்கள்.

டிரலோப்பின் கணக்கெல்லாம் 1883இல் வெளியான அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. கலையைச் செருப்புத் தைப்பதோடு ஒப்பிட்டதற்காக விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார், 47ஆவது நாவல் பாதியில் நிற்க.