அறுபடாத ஒலி

கல்லூரி விழா மேடையில் பல்லவியை மென்மையாக வாசித்துவிட்டுக் கிடாரின் கரகரப்பான ஒலிக்காகக் கால்விசையை அழுத்தினேன். ஒரு கணம் ஓசையே இல்லை. அப்பா முதன்முறையாகக் கல்லூரிக்குள் வந்து அமர்ந்திருந்த நாள் அது!

காரணம் பின்னர்தான் விளங்கிற்று. இரண்டு ஒலிகளையும் இரண்டு பிரிசெட்டுகளில் வைத்திருந்தேன். பிரிசெட் மாறினால் கருவி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றவேண்டும். அதனால் இடைவெளி விழுகிறது.

2015-இல் வெளிவந்த ஹீலிக்ஸ் கருவியில் ஒரு பிரிசெட்டுக்குள்ளேயே 8 ஸ்நாப்ஷாட்டுகள் உண்டு. ஆம்ப் அதேதான்; டிரைவ், வால்யூம் போன்றவற்றின் அளவுகளை ஒவ்வொன்றும் தனித்தனியே நினைவில் வைக்கும். ஆகவே ஒலி அறுவதில்லை. டிரைவைக் கூட்டினால் சத்தமும் ஏறும்; சானல் வால்யூமைக் குறைத்துச் சமன்செய்ய வேண்டும். எண்ணைப் பார்த்தல்ல, காதால் கேட்டு!

சேமிக்காமல் வேறு பிரிசெட்டுக்குத் தாவினால் அத்தனையும் போயிற்று. அடுத்த ஒத்திகையில் அதையும் செய்தேன்.