பெயர்ப் பலகையும் என் அம்மையும்

நம் சங்கக் கட்டடத்துக்குப் புதிய பெயர்ப் பலகை வைக்கப் போவதாகவும், அதற்கு ஒரு கணினி எழுத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் செயலாளர் ஒரு மாதிரியைக் காட்டினார். தடித்த கோடு விரல் பருமன், மெல்லிய கோடு தலைமுடி. பார்க்க வெகு அழகு. எனக்கு உடனே பழைய நினைவொன்று வந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் வெள்ளறடை, நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். பனச்சமூடு சந்தைக்கு நடந்து போனால் மாநிலம் மாறிவிடும். என் அம்மை ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். மலையாளம் தாராளமாகப் பேசுவார், வாசிக்க வராது. அதனால் தமிழ்ப் பலகை கண்ணில் பட்டால் அவருக்கு ஒரு தைரியம்.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் கட்டுமானப் பிரிவில் சேர்ந்தேன். நிலையத்தின் பெயர்ப் பலகையும் எங்கள் பிரிவின் பொறுப்புதான். மஞ்சள் தளத்தில் கறுப்பு எழுத்து. வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம். 1994-ல் நெல்லைப் பக்கம் ஒரு சிறிய நிலையத்துக்குப் பலகை புதிதாக எழுத வேண்டியிருந்தது. அப்போது என் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதிலும் இதே மாதிரி எழுத்து: நிற்கிற கோடு தடிமன், படுத்திருக்கிற கோடு நூல்.

இந்த பாணி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் தீதோ குடும்பத்தாரும் பார்மாவில் போதோனியும் இப்படி எழுத்து வெட்டினார்கள். வழுவழுப்பான காகிதமும் நல்ல அச்சு இயந்திரமும் வந்த பிறகே அவ்வளவு மெல்லிய கோடு அச்சில் நின்றது. நம் தமிழுக்கு அது பிறவிக் குணம் இல்லை. எழுத்தாணி ஓலையில் கீறும்போது கோடு முழுக்க ஒரே கனம்தான். 1578-ல் நம் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதிலிருந்து தமிழ் எழுத்து ஈயத்தில் எத்தனையோ உருவம் எடுத்துவிட்டது. தடிமனும் மெலிவும் அப்படிச் சேர்ந்த அலங்காரம்.

"இதே மாதிரி எழுதும்" என்று பெயிண்டரிடம் பத்திரிகையைக் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "சார், இது கையில வச்சுப் படிக்கிற எழுத்து. ஓடுற வண்டிக்கு ஆகாது." நான் அதிகாரி அல்லவா? எழுதச் சொன்னேன். எழுதினார். திறமைசாலி, அச்சடித்தது போலவே இருந்தது. மேலதிகாரிகூடப் பாராட்டினார்.

நாலைந்து மாதம் கழித்து அம்மை என் குவார்ட்டர்ஸுக்கு வரப் புறப்பட்டார். பாறசாலையில் ஏற்றிவிட்டார்கள். இருட்டும் நேரம். நான் பிளாட்பாரத்தில் நின்றேன், அம்மை இறங்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்வண்டி வரும்வரை பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்திருக்கிறார். இரவு பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்.

"மக்கா, மஞ்சப் பலகை தெரிஞ்சுது. எழுத்து இருக்க வேண்டிய எடத்துல குச்சி குச்சியா நிக்குது. எனக்க கண்ணு போச்சு" என்றார்.

மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மெல்லிய கோடு 6 மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்குப் பத்து மீட்டர் தூரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர்தான் பிரித்தறியும் எல்லை. அந்தக் கணக்குப்படி என் கோடு இருபது மீட்டரில் கரைந்துவிடும். புரை விழுந்த கண்ணுக்கு ஏழு மீட்டர் தாண்டினால் இல்லை. மஞ்சள் வெளிச்சம் வேறு இரண்டு பக்கமும் கோட்டைத் தின்னும். படுத்த கோடு போய்விட்டால் 'ட' ஒரு குச்சி, 'ப' இரண்டு குச்சி. தடித்த கோட்டிலோ வேறு சங்கடம்: 'ண'வின் சுழிக்குள் இடைவெளி அடைபட்டு 'ன' போலத் தெரியும். புள்ளியைச் சிறிதாக வைத்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். எங்கள் ஊர்ப் பெயரையே இந்த எழுத்தில் எழுதிப் பாருங்கள், 'டை' என்ன பாடு படுகிறதென்று தெரியும்.

லண்டன் பாதாள ரயிலுக்கு 1916-ல் எட்வர்டு ஜான்ஸ்டன் எழுத்து வரைந்தபோது கோடு முழுக்க ஏறக்குறைய ஒரே கனமாக வைத்தார். பெரிய ஆள்தான். ஆனால் எங்கள் பெயிண்டர் அதே சங்கதியைத் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னாரே!

பலகையைத் திருத்தி எழுதச் சொன்னேன். எல்லாக் கோடும் ஒரே கனம், புள்ளி பெரிதாக. பெயிண்டர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஆனால் அம்மை அதற்குப் பிறகு தனியாக ரயிலேறவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கண் ஆபரேஷன் ஆகி நன்றாகப் பார்வை வந்த பிறகும் ஏறவில்லை. "எனக்கு எழுத்து பிடிபடாது மக்கா" என்பார். பலகையில்தான் கோளாறு, அதை எழுதச் சொன்னவன் நான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்த எழுத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மலரின் அட்டைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அதைப் போல ஜோரான எழுத்து கிடைக்காது. என் பேத்தியின் பிறந்தநாள் அழைப்பிதழில்கூட அதைத்தான் போட்டோம். வாசல் பலகைக்கு மட்டும் வேண்டாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகமிருந்தால் மாதிரியை உண்மையான அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்போம். நம் சங்கத்துப் பெரியவர்கள் நாலு பேரையும் கூப்பிடுங்கள். டேப் நான் கொண்டு வருகிறேன்.