பைத்தான் 2-இன் கெடு: உடைவது எங்கே?

பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இன் காலம் முடிந்துவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் அதற்குப் பராமரிப்பு இல்லை. 2015-இலேயே முடிய வேண்டிய கெடு இது. பலர் பைத்தான் 3-க்கு நகராததால் 2014-இல் ஐந்தாண்டு தள்ளிப்போட்டார்கள். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: "பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போட்டால் போதாதா?"

போதாது. அடைப்புக்குறியை, நிரலை மாற்றும் கருவியே போட்டுவிடும். சிக்கல் எழுத்துச் சரங்களில் இருக்கிறது.

பழைய பைத்தானில் சாதாரணச் சரம் என்பது வெறும் பைட் வரிசை. யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்று எழுதி நீளம் கேட்டால் 15 என்னும். பைத்தான் 3-இல் விடை 5. (நாம் எண்ணுவது மூன்று, இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோட் தனியாக எண்ணுகிறது.) இதைவிட மோசமானது கலப்பு. கோப்பிலிருந்து பைட்டாக வந்த பெயரை யூனிகோட் உரையோடு ஒட்டினால், பழைய பைத்தான் அதை ஆஸ்கி என்று தானே முடிவுசெய்து ஒட்டிவிடும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும்வரை எல்லாம் ஓடும். ஒருவர் 'முருகன்' என்று தமிழில் பதிந்த அன்று நிரல் பிழை காட்டி நின்றுவிடும். சோதித்தவர் கண்ணில் படாத பிழை, தமிழில் பெயர் எழுதியவர் தலையில் விடிகிறது.

பைத்தான் 3 இந்தக் கலப்பையே மறுக்கிறது. பெயர் எந்த மொழியில் இருந்தாலும், ஒட்டும் இடத்திலேயே பிழை. சரியான முடிவுதான்.

ஆனால், 2008-இல் 3.0 வந்தபோது காட்டிய வழியை நம்ப முடியாது. '2டு3' கருவி பழைய நிரலை மாற்றித் தரும் என்றார்கள். ஒரு சரம் மனிதர் படிக்கும் உரையா, வெறும் பைட்டா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். நிரலில் அது இல்லை. கருவி எதைப் பார்த்து முடிவுசெய்யும்? எனவே நிரலாளர்கள் இரண்டு பதிப்பிலும் ஓடும்படி எழுதத் தொடங்கினார்கள். அதற்கு உதவிய நூலகத்தின் பெயர் 'சிக்ஸ்': இரண்டு பெருக்கல் மூன்று. 2012-இல் வந்த 3.3 பதிப்பு, இப்படி எழுதுவோருக்காக, முன்பு நீக்கிய யூனிகோட் சரத்துக்கான 'யு' முன்னொட்டைத் திரும்பச் சேர்த்தது. முதல் திட்டம் தப்பு என்பதற்கு வேறு ஒப்புதல் வேண்டாம்.

வாசகர்களின் மற்ற கேள்விகள்: 2020 ஜனவரி 1 அன்று பழைய நிரல்கள் நின்றுவிட்டனவா? நிற்கவில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றுபோயின.

7-ஐ 2-ஆல் வகுத்தால்? பழையதில் 3, புதியதில் 3.5.

பைத்தானில் எழுதிய இணையச் சட்டகமான ஜாங்கோ? 2017-இல் வந்த 2.0 பதிப்பிலேயே பைத்தான் 2-ஐக் கைவிட்டது.

நிரலை மாற்றப்போகிறவர்கள், சோதனைத் தரவில் பத்துத் தமிழ்ப் பெயர்களையாவது முதலில் சேர்த்துவிடுங்கள்.