கரையில் ஆமை, கடலில் விசைப்படகு... பழவேற்காட்டில் இருந்து போன் செய்தால் மறுமுனையில் என்ன நடக்கும்?

"சார், வலையில ஆமை சிக்கியிருக்கு. அசையாம கிடக்கு. என்ன பண்றது?"

ராத்திரி 2 மணிக்கு இப்படி ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுப்பவர் வனத்துறை கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். அவர் கடற்கரைக்குப் போகப்போவதில்லை, ஆமையைத் தொடப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஆமை பிழைக்குமா, அதைச் சிக்கவைத்தவர்கள் பிடிபடுவார்களா, அங்கே போகும் வனக்காப்பாளர் பத்திரமாகத் திரும்புவாரா என்பதெல்லாம் அவர் கேட்கும் முதல் நாலைந்து கேள்விகளைப் பொறுத்தே இருக்கிறது.

108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸை அனுப்பிவைப்பவர் ஒருவர் இருப்பார் இல்லையா? காட்டுயிர் குற்றங்களுக்கும் அப்படி ஒரு வேலை உண்டு. பழவேற்காடு மாதிரி ஒரு இடத்தில் அந்த வேலை ஏன் இவ்வளவு சிக்கல்? இங்கே பார்க்கலாம்.

இது என்ன வேலை?

அமெரிக்காவில் இது தனிப் பணி. புளோரிடா மாநிலத்தின் மீன் மற்றும் காட்டுயிர் ஆணையத்தில் மண்டலத் தகவல் தொடர்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே 'டியூட்டி ஆபீசர்' என்ற பெயரில் இருப்பவர்கள் பொதுமக்களின் போனை எடுத்து, ரோந்தில் இருக்கும் அதிகாரிகளை ரேடியோவில் அனுப்பிவைக்கிறார்கள்.

நம்ம ஊரில் வன அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் டியூட்டியில் இருக்கும் ஊழியர்தான் இதைச் செய்கிறார். சில நேரம் வனச்சரகரின் செல்போனே கட்டுப்பாட்டு அறையாக மாறிவிடும். பெயர் எதுவானாலும் வேலை ஐந்துதான்:

• தகவலை வாங்குவது
• எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பிரிப்பது
• பக்கத்தில் இருக்கும் ஆளை அனுப்புவது
• போனவர் பத்திரமாக இருக்கிறாரா என்று தொடர்ந்து விசாரிப்பது
• எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவைப்பது

பழவேற்காட்டில் என்ன ஸ்பெஷல் சிக்கல்?

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆந்திரா தன் பக்கத்தை 1976-லேயே சரணாலயமாக்கிவிட்டது.

அதாவது ஒரே ஏரி, இரண்டு மாநிலம், இரண்டு வனத்துறை. தண்ணீரில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? பூநாரைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் யாரோ கண்ணி வைக்கிறார்கள் என்று தகவல் வந்தால், அந்த இடம் திருவள்ளூர் மாவட்டமா, ஆந்திராவின் திருப்பதி மாவட்டமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கம் என்றால் சூலூர்பேட்டையில் இருக்கும் வன அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆழம். ஏரியின் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. நீர் வற்றும் நேரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியில் இருந்து கடலுக்குப் படகே போக முடியாது. வரைபடத்தில் 3 கிலோமீட்டர் என்று காட்டும் இடத்துக்குச் சுற்றிப் போக ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இது தெரியாதவர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தால் "பத்து நிமிஷத்துல ஆள் வரும்" என்று சொல்லிவிடுவார். மீனவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த முறை அவர் போன் செய்வாரா?

மூன்றாவது, இடத்தின் பெயர். இங்கே மீனவர்கள் ஏரியைப் 'பாடு' என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. எனவே போன் செய்பவர் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லமாட்டார். பாட்டின் பெயரைச் சொல்வார், இல்லையென்றால் "லைட்ஹவுஸுக்கு வடக்கால" என்பார். அதைப் புரிந்துகொள்ளும் உள்ளூர் ஆள் போனில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

யாருக்குச் சொல்வது? நாலு துறை குழப்பம்

கரையோரத்தில் ஒரு விசைப்படகு இழுவை வலை போடுகிறது. யார் நடவடிக்கை எடுக்க வேண்டும்?

• தடை செய்யப்பட்ட தூரத்துக்குள் விசைப்படகு வந்தால்: மீன்வளத்துறை. 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது.
• ஆமையோ, பாதுகாக்கப்பட்ட வேறு உயிரினமோ பிடிபட்டால்: வனத்துறை.
• சந்தேகப் படகு, மோதல், மிரட்டல் என்றால்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம். அவசர எண் 1093.
• கடலில் மனித உயிருக்கு ஆபத்து என்றால்: இந்தியக் கடலோரக் காவல்படை. எண் 1554.

ஒரே சம்பவத்தில் இந்த நாலும் சேர்ந்து வரலாம். "அது எங்க துறை இல்லைங்க" என்று போனை வைத்துவிட்டால் கதை முடிந்தது. விசைப்படகு வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப அதிக நேரம் ஆகாது. நல்ல கட்டுப்பாட்டு அறை என்றால், போன் செய்தவரை அலையவிடாமல் மற்ற துறைகளுக்குத் தானே தகவலைக் கடத்த வேண்டும்.

2025 ஜனவரி கற்றுக்கொடுத்தது என்ன?

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்கின. உடற்கூராய்வில் மூச்சுத் திணறி இறந்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடலோரக் காவல்படை ஆகியவை சேர்ந்து ரோந்து போகும் ஏற்பாடும் வந்தது.

கடலில் வாழும் ஆமை எப்படி மூச்சுத் திணறும் என்று கேட்கலாம். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டி நீண்ட நேரம் தண்ணீருக்குள்ளேயே இழுபட்டால் உயிர் போய்விடும்.

மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். முட்டையிடும் காலம் முக்கியமாக ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. ஆக, ஆமைகள் கரைக்கு வரும் மாதங்களில் அவற்றைக் காப்பது 5 கடல் மைல் விதியும் ரோந்தும்தான். ரோந்துப் படகு எல்லா இடத்திலும் நிற்க முடியாது. கரையில் இருந்து போகும் ஒரு போன் அதனால்தான் முக்கியம்.

போனிலேயே ஆமையைக் காப்பாற்ற முடியுமா?

சில நேரம் முடியும். வலையில் சிக்கி மயங்கிய ஆமை செத்தது மாதிரியே கிடக்கும். உடனே அதைக் கடலில் தள்ளினால் மூழ்கிவிடும். ஆட்கள் வந்து சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று போனில் சொல்லிக்கொடுப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

• வயிற்றுப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மல்லாக்கப் போடாதீர்கள்.
• பின்பக்கத்தை அரை அடியாவது உயர்த்தி வையுங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடிய இது உதவும்.
• நிழலில் வைத்து, ஈரத்துணி போட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் போடாதீர்கள்.
• பொறுமையாக இருங்கள். நினைவு திரும்ப 4 மணி நேரத்தில் இருந்து 24 மணி நேரம் வரை ஆகலாம்.

அடிபட்ட பறவை என்றால் தலையைத் துணியால் லேசாக மூடி, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆமை முட்டையிட்ட குழியைப் பார்த்தால் தோண்டாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

போனவர் திரும்பி வந்தாரா?

இதைப் பற்றி நாம் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. காட்டுயிர் குற்றத்தைத் தடுக்கப் போகும் வனக்காப்பாளர் பல நேரம் தனியாகவோ, இன்னொருவருடனோதான் போகிறார். இருட்டு, சேறு, போதாததற்கு செல்போன் சிக்னலும் கிடைக்காத இடம். எதிரே எத்தனை பேர் இருப்பார்கள், கையில் என்ன இருக்கும் என்று தெரியாது. பணியில் உயிரிழந்த வனத்துறையினருக்காக செப்டம்பர் 11-ஐ தேசிய வனத் தியாகிகள் தினமாக இந்தியா கடைப்பிடிப்பதே இந்த ஆபத்தைச் சொல்லும்.

அதனால்தான் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் "எத்தனை பேர்? படகு எந்த நிறம்? எந்தப் பக்கம் போகுது? கத்தி, கம்பு இருக்கா?" என்று கேட்கிறார். அவர் போன் செய்தவரைச் சந்தேகப்படவில்லை. தன் ஆளை எதற்குள் அனுப்புகிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அனுப்பிய பிறகு, குறித்த நேரத்தில் பதில் வரவில்லை என்றால் உடனே போலீஸையும் கூடுதல் ஆட்களையும் அனுப்ப வேண்டியதும் அவர்தான்.

கேஸ் நிற்பதும் விழுவதும் எங்கே?

1972-ம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆலிவ் ரிட்லி முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் அட்டையும் அப்படித்தான். முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். இந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். போலீஸ் அதிகாரி சோதனை போடலாம், கைது செய்யலாம். ஆனால் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற வன அதிகாரி போன்றோர் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். போலீஸ் மட்டும் போய்ப் பிடித்து, வனத்துறைக்குத் தகவல் தாமதமானால் வழக்கே வலுவிழக்கலாம். முதல் போன் வந்த சில நிமிடங்களில் இரு துறைக்கும் செய்தி போக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை மணிக்குப் போன் வந்தது, யாரை எப்போது அனுப்பினார்கள், அவர் எப்போது போய்ச் சேர்ந்தார் என்ற பதிவு, பின்னாளில் மகஜரில் உள்ள நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

மீனவர் ஏன் தயங்குகிறார்?

விசைப்படகு கரைக்குப் பக்கத்தில் வந்தால் ஆமை மட்டும் பாதிக்கப்படுவதில்லை. சிறு படகுக்காரரின் வலையும் அறுந்து போகும், அவருக்குக் கிடைக்க வேண்டிய மீனும் போகும். அந்த வகையில் வனத்துறைக்குத் தகவல் சொல்ல முதல் காரணம் இருப்பதே சிறு மீனவருக்குத்தான்.

ஆனாலும் தயக்கம் இருக்கிறது. சரணாலயம் என்பதால் வனத்துறை என்றாலே 'தடை போடுகிறவர்கள்' என்ற எண்ணம் பல குப்பங்களில் உண்டு. "ஆமை செத்துக் கிடக்குன்னு சொன்னா, நீதான் பிடிச்சியான்னு என்னையே கேட்பாங்களோ" என்ற பயம். பெயர் வெளியே தெரிந்தால் நாளைக்குக் கடலில் அவர்கள் முகத்தில்தானே முழிக்க வேண்டும் என்ற கவலை. கையால் இறால், நண்டு பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதிகாரிகளிடம் பேசுவதே இன்னும் கஷ்டம்.

இந்தத் தயக்கத்தைப் போஸ்டர் ஒட்டிப் போக்க முடியாது. போன் செய்தவரின் பெயர் வெளியே கசியக் கூடாது. "நீங்க சொன்ன இடத்துக்கு ஆள் போயாச்சு, இதுதான் நடந்தது" என்று திரும்பச் சொல்ல வேண்டும். தவறுதலாகச் சிக்கிய ஆமையை வலையை அறுத்து விடுவித்தவரைக் குற்றவாளி மாதிரி விசாரிக்கக் கூடாது. இந்த மூன்றும் நடந்தால் அடுத்த போன் தானாக வரும்.

நீங்கள் போன் செய்தால் என்ன சொல்ல வேண்டும்?

• முதலில் இடம். ஊர், பாடு, பக்கத்தில் இருக்கும் அடையாளம். முடிந்தால் வாட்ஸ்அப் லொக்கேஷன்.
• என்ன உயிரினம், உயிரோடு இருக்கிறதா.
• சம்பவம் இப்போது நடக்கிறதா, முடிந்துவிட்டதா.
• எத்தனை பேர், படகின் நிறம், பதிவு எண், போகும் திசை.
• தண்ணீர் ஏறுகிறதா, வற்றுகிறதா. எந்த வழியாக வந்தால் படகு வரும்.

நீங்களே போய்த் தடுக்க வேண்டாம். தூரத்தில் இருந்து பார்த்துச் சொன்னால் போதும். உள்ளூர் வனச்சரக அலுவலக எண்ணை இன்றைக்கே செல்போனில் பதிந்துவையுங்கள். அது கையில் இல்லாத அவசரத்துக்கு 112 இருக்கிறது. அதில் பேசும்போது "வனத்துறைக்கும் சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.